தொட்டிக்கு எந்தத் தண்ணீர்

வீட்டில் சாவு விழுந்த வருடத்திலேயே மீன்தொட்டி வாங்கி வைத்தவள் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் அதில் மீன்கூட இல்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பரிதாபப்பட்டார்கள். கண்ணாடிக்குள் செடி, செடியைச் சுற்றித் தண்ணீர், அவ்வளவுதான். "கீரையா வளக்கற?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே, அதுவே எனக்குப் பெரிய வேலையாக இருந்த காலம் அது.

என் பெயர் பிரிசில்லா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் வேலை பார்க்கிறேன். மேசையில் விரித்துப் போடுகிற தோலில் உண்ணி கடித்த இடம், முள்கம்பி கீறிய இடம், சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். வட்டத்துக்குள் இருக்கிறது ஷூவுக்குப் போகாது. இந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தால் மனிதர்களைப் பார்த்தாலும் முதலில் வட்டம் போடத்தான் தோன்றும். என் அண்ணன் சாமுவேலுக்கு ஒரு வட்டம் உண்டு, கேட்காமலே உதவி செய்வார். மாமியார் சவுரியம்மாளுக்கு நான் போட்ட வட்டங்களுக்கு வெளியே ஒரு ஷூகூடத் தேறாது. அவரும் எனக்கு அப்படித்தான் போட்டு வைத்திருப்பார்.

என் கணவர் ஜான்சன் மழைக்காலத்தில் இறந்தார். தோல் பதனிடுகிற டேனரியில், தோலைச் சாயத்தில் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறவர். காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், அதோடு சரி. இதயம் என்றார் டாக்டர். நான் அப்போது கம்பெனியில் தோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டபோது அரைவட்டம் போட்டிருந்தேன். மீதியையும் போட்டு முடித்துவிட்டுத்தான் என்ன என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவே எங்கள் மாடிக்குள் நின்றது. அவர் தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டிவிட்டிருந்தார்கள்.

நான் அழவில்லை. "அழுதுடு பிரிசி, நெஞ்சு அடச்சிக்கும்" என்று அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. கல்லறையில் மண் போடச் சொன்னார்கள், போட்டேன். ஈர மண் விரலில் ஒட்டிக்கொண்டது, புடவையில் துடைத்தேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்ல ஆரம்பித்தேன். சாப்பிடு என்றால் சரி, தூங்கு என்றால் சரி. வேலைக்குப் போனேன், வந்தேன். உடம்பு முழுக்க மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு டாக்டர் வேறு எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த மத்தியானம் அவரோடு இருந்தது அவர் அம்மா, என் அத்தை ஒருவர்தான். கடைசியில் என்ன நடந்தது, ஏதாவது சொன்னாரா, வலித்ததா, என்னைக் கேட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் "வந்தான், ஒக்காந்தான், போய்ட்டான்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த மூன்று சொல்லுக்கு நடுவில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாகக் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா?

முன்பெல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரு நாள் சண்டை இல்லாமல் விடியாது. குழம்பில் புளி ஜாஸ்தி என்பதில் ஆரம்பித்து, ஜன்னலை யார் திறந்தது என்பதுவரை போகும். ஜான்சன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவார். எல்லாவற்றுக்கும் கிண்டல்தான். என் சாம்பாரைப் பார்த்து, டிரம்மில் ஊற்றுகிற சாயம் மிச்சமாகிவிட்டதா என்பார். அம்மாவின் மீன்குழம்புக்கு, வாசனையைப் பிடித்துக்கொண்டே டேனரிக்கு வழி கண்டுபிடித்துவிடலாம் என்பார். அவர் போன பிறகு நானும் அத்தையும் சண்டையே போடவில்லை. லாட்ஜில் பக்கத்துப் பக்கத்து ரூமில் தங்கியவர்கள்போல் மரியாதையாக இருந்தோம். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. அது முடிந்ததும் அண்ணன் வந்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுப் போனார். "ஈஸ்டர் முடிஞ்சதும் வீட்ட காலி பண்ணிடலாம். பிரிசி, நீ எங்ககூட காட்பாடிக்கு வந்துடு. மாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது, வேலைக்கு ரயில்ல வந்து போவலாம். அத்த, உங்க பொண்ணுகிட்ட பேசிட்டேன். திமிரிக்கு வந்துடுங்க, அங்க நல்லா பாத்துக்குவா." நான் சரி என்றேன். அத்தையும் சரி என்றார். நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. அத்தை திமிரிக்குப் போனால் அந்த மத்தியானமும் அவரோடு போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்து என்ன செய்ய, கேட்பதற்கு நாக்கு எழவில்லை.

தொட்டி வந்தது இப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதோ ஒரு நாள் அதில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவருடைய இரண்டு கை, ஒரு கண்ணாடித் தொட்டி. கை கறுப்பு மண்ணைப் பரப்புகிறது, கல்லை வைக்கிறது, நீளமான இடுக்கியால் ஒவ்வொரு செடியாக நடுகிறது. முகம் இல்லை, பேச்சு இல்லை. ஆறுதல் சொல்கிற ஆள் யாரும் உள்ளே வரவில்லை. அதனால்தான் பிடித்தது. தினமும் அதே மாதிரி வீடியோக்களைப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் வேலை முடிந்து பஜாரில் இறங்கி, வளர்ப்பு மீன் விற்கிற ஹபீப் கடைக்குள் நுழைந்து, செடி வைக்கிற தொட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஹபீப் பேசாமல் வியாபாரம் செய்யத் தெரியாதவர். "மீனு இன்னா வேணும்க்கா? கோல்ட் ஃபிஷ்? ஃபைட்டர்?" என்றார்.

"மீன் வேணாம் பாய். செடி மட்டும்."

"செடி மட்டும்னா ரோஜா வாங்குங்கக்கா, கம்மியா வரும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உடனே குரலை மாற்றிக்கொண்டார். செடி வைத்தாலும் வைக்காவிட்டாலும் உடனே மீன் விடக் கூடாது என்றும், சில வாரம் தண்ணீர் பழக வேண்டும் என்றும், அதற்குள் விட்டால் மீன் ஒன்றுகூடத் தங்காது என்றும் சொன்னார். "எங்க வெக்கறதுன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க. தண்ணி ஊத்தினப்புறம் நவுத்தினா கண்ணாடி விரிஞ்சிரும்." ஈஸ்டருக்குப் பிறகு அந்த வீட்டிலேயே இருக்கப் போவதில்லை என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன்.

ஹாலில் டிவிக்கு எதிரே, சுவரோரம் இருந்த கனமான மேசையில் வைத்தேன். அடியில் தெர்மாகோல். ஹபீப் கொடுத்த கறுப்பு மண்ணை முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயரமாகவும் சரித்தேன். கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாலிஸ்நேரியா என்று புல்லைப்போல நீளமான ஒன்று, வேலம்பாசி ஒரு கட்டு, அகல இலை வைத்த அனுபியாஸ். அனுபியாஸை மண்ணில் புதைக்கக் கூடாது, கல்லில் நூலால் கட்ட வேண்டும். வெள்ளிப் பேனா பிடித்த விரலுக்கு இடுக்கி சீக்கிரம் பழகிவிட்டது. ஒவ்வொரு செடியாக நட்டேன். நட்டது மிதந்தால் திரும்ப நட்டேன். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய அத்தையாக இருந்தால் வீட்டைக் குப்பைமேடாக்குகிறாய் என்று கத்தியிருப்பார். இவர் ஈரத்துணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். போர் தண்ணீர் துவைக்க, துடைக்க, குளிக்க. அதுவும் சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். தெருக்குழாயில் காவேரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைப்பது சமையலுக்கே காணாது. வாயில் வைப்பதற்குக் கேன் தண்ணீர்தான். ஜான்சன் இதில் ரொம்பக் கறார். நாள் முழுக்கத் தோலையும் ரசாயனத்தையும் பார்க்கிறவர், டேனரிக் கழிவு இறங்குகிற நிலத்துக்கு அடியில் இருக்கிற எதையும் நம்ப மாட்டார். "அம்மா, போர் தண்ணிய மட்டும் வாயில வெக்காத" என்று சொல்லிச் சொல்லியே அத்தையைப் பழக்கியிருந்தார். கேனைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவார். அவர் போன பிறகு அத்தை வாசலில் எப்போதும் இரண்டு கேன் நிரப்பி நிறுத்தி வைக்கிறார். கேன்காரன் கொஞ்சம் தாமதித்தாலும் பால்கனியிலிருந்து அவனைத் திட்டுவார். அந்த வீட்டில் சத்தம் என்று வந்தது அது மட்டும்தான்.

நல்லது எதுவோ அதைத் தொட்டிக்குக் கொடுத்தேன். கேன் கேனாக ஊற்றினேன். மண் கலையாமல் இருக்கத் தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினேன். தண்ணீர் முதலில் பாலாகக் கலங்கியது, பிறகு தெளிந்தது. விளக்கைப் போட்டபோது பச்சை பளிச்சென்று நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்து ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

அப்புறம் அத்தையும் வந்து உட்கார ஆரம்பித்தார். நான் தரையில், அவர் நாற்காலியில். டிவியைப் போடுவதில்லை. ஒரு நாள், "அந்த நீட்டு செடி சாஞ்சிருக்குது" என்றார். இன்னொரு நாள் நான் எழுவதற்கு முன்பே விளக்கைப் போட்டிருந்தார். மிதந்த இலைகளை எடுத்துச் சுத்தம் செய்தும் இருந்தார். எதை வைத்து எடுத்தார் என்பது காலை டீயைக் குடித்தபோது தெரிந்தது. டீ வடிகட்டியில் குளத்து வாசனை. முன்பென்றால் அந்த ஒரு வடிகட்டிக்காக ஒரு வாரம் சண்டை ஓடியிருக்கும். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் இப்போது தொட்டியையும் கேட்டார்கள். "மீனு எப்ப விடுவ?" இன்னும் சில வாரம் என்பேன். "அதுக்குள்ள காலி பண்ணிடுவியே" என்பார்கள். அத்தை அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார்.

செடிகள் நன்றாக இல்லை. முதலில் வாலிஸ்நேரியாவின் நுனி கண்ணாடிபோல் நிறமற்றுப் போனது, பிறகு கரைந்து உதிர்ந்தது. வேலம்பாசியில் புதிதாக வந்த துளிர் வெளுத்துச் சுருண்டு வந்தது. என் கண்ணுக்குத் தெரியாத குறையா? ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன், எங்கே கெட்டிருக்கிறது என்று சொல்ல முடிந்தது, ஏன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரோடு டிபன் பாக்ஸில் போட்டு ஹபீபிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னா தண்ணி ஊத்தனீங்க?"

"கேன் தண்ணி."

"மொத்தமுமா?"

"ஆமா."

ஹபீப் கடைக்கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஆம்பூர்ல எல்லாரும் இதத்தான் பண்றாங்க. நல்ல தண்ணின்னா கேன் தண்ணின்னு நெனப்பு. அதுல ஒன்னுமே இல்லக்கா. வடிகட்டி வடிகட்டி எல்லாத்தயும் எடுத்துடறான். செடி இன்னாத்த தின்னும்? பட்டினி போட்டிருக்கீங்க."

"அப்ப இன்னா ஊத்தறது?"

"போர் தண்ணியதான். பேஜாராவாதீங்க, மொத்தமா வேணாம், அது ரொம்ப ஜாஸ்தி. தண்ணி மாத்தறப்ப பக்கெட்டு கேன் தண்ணில ரெண்டு மக்கு போர் தண்ணி கலந்து ஊத்துங்க. அதுல இருக்கற உப்பு செடிக்கு வேணும்."

வீட்டுக்குத் திரும்பி அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும். ஞாயிற்றுக்கிழமைதான் தண்ணீர் மாற்றுகிற நாள், அப்போது செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். அத்தை பூசைக்குப் போய்விட்டு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் டீ போட்டுக் கொடுத்தார். அண்ணன் கையில் டம்ளரோடு தொட்டியைச் சுற்றி வந்து கண்ணாடியை விரலால் தட்டினார்.

"இத இன்னா பண்றது? நம்ம ரூம்ல வெக்க எடம் இல்ல. ஹபீப்கிட்ட பேசிட்டேன், அவனே ஆள் அனுப்பி தண்ணிய எறச்சிட்டு எடுத்துக்கறானாம்."

"சரி" என்றேன்.

"அத்த, உங்க பொண்ணு பெரிய வெள்ளிக்கி முன்னாடியே வர்றாளாம். துணிமணிய எடுத்து வெச்சிடுங்க."

"சரிப்பா" என்றார் அத்தை.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் சங்கடம் இருந்திருக்க வேண்டும். "அப்ப நான் கீழ போயி ஓனர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். முன்கூட்டியே சொல்லணும் இல்ல" என்று டம்ளரை வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

வீட்டு ஓனர் எங்களுக்குக் கீழேதான் இருக்கிறார். அண்ணன் கதவைத் தட்டுகிற சத்தமும், "வாங்க வாங்க" என்கிற குரலும் மேலே கேட்டன. நான் எழுந்து டியூபைப் போட்டுத் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை இறக்கினேன். கலைக்கப் போகிற தொட்டிதான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாற்றினேன். பக்கெட்டில் கேனைச் சாய்த்தேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு மக் பிடித்துக்கொண்டு வந்து பக்கெட்டில் கொட்டினேன். இரண்டாவது மக்கோடு வந்தபோது அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அது இன்னா தண்ணி?"

"போர் தண்ணி. கொஞ்சம் கலக்கணும்னு ஹபீப் பாய் சொன்னாரு."

"ஊத்தாத."

"கொஞ்சந்தான் அத்த." பக்கெட்டைத் தூக்கினேன்.

"ஊத்தாதன்றேன் இல்ல!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அத்தை ஓடி வந்து பக்கெட்டின் பிடியைப் பிடித்தார். நான் விடவில்லை. தண்ணீர் தளும்பி இருவர் காலையும் நனைத்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. சுத்தமான, பழைய கோபம், காதுவரை சூடாக.

"விடுங்க. இது என் தொட்டி. செத்தா சாவட்டும். ஈஸ்டருக்கு அப்புறம் இங்க நீங்களும் இல்ல, நானும் இல்ல, இதுவும் இல்ல. அப்புறம் இன்னா?"

"செத்துரும்டி. அத ஊத்தினா செத்துரும். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு இன்னா தெரியும்?"

"நான்தான குடுத்தேன்!"

எனக்குப் புரியவில்லை. செடிக்கு ஏற்கெனவே எதையோ ஊற்றிவிட்டார் என்று நினைத்தேன். "யாருக்குக் குடுத்தீங்க?" என்றேன்.

அத்தை பக்கெட்டை விட்டுவிட்டார். கை மட்டும் பிடித்த மாதிரியே நின்றது. "என் புள்ளைக்கு" என்றார்.

நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன். கீழே ஓனர் வீட்டில் அண்ணனின் சிரிப்பு கேட்டது. அத்தை நின்றபடியே, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வந்தான். ஒக்காந்தான். அம்மா, தண்ணின்னான். கேன சாய்ச்சேன், ஒரு சொட்டு இல்ல. அந்தக் கேன்காரன், கட்டையில போறவன், காலைலயே கொண்டாரணும், கொண்டாரல. கீழ போயி வாங்கியாரலாம், ஆனா புள்ள மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது, வேர்த்து ஊத்துது. போர் கொழாய்ல சொம்ப புடிச்சி குடுத்துட்டேன். ஒரு வாய்தான், இன்னா ஆயிடப் போவுதுன்னு."

"குடிச்சாரா?"

"ஒரு வாய் குடிச்சான். மூஞ்ச சுளிச்சான். என்ன பாத்து சிரிச்சான்."

"அப்புறம்?"

"வேணாம் பிரிசில்லா."

"சொல்லுங்க அத்த."

"'இன்னாம்மா, கொல்லப் பாக்கறியா'ன்னான். சொம்ப நீட்டினான். நான் கை நீட்டி வாங்கறதுக்குள்ள கீழ உழுந்துது."

இத்தனை மாதமும் அந்த இடத்தில் நான் வேறு என்னென்னவோ வைத்திருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பார், ஏசுவே என்றிருப்பார், என் பெயரைச் சொல்லியிருப்பார். என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை இப்போது ஒளிக்க மாட்டேன். அவர் அதையெல்லாம் செய்யவில்லை. தண்ணீர் நன்றாக இல்லை என்று அம்மாவைக் கிண்டல் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குரல் எனக்குக் கேட்டது. சாம்பாரைப் பார்த்துக் கேட்கிற அதே குரல். செத்த அன்றைக்குத் துணி கட்டியிருந்த முகம்தான் இத்தனை நாளும் கண்ணில் நின்றது, அது நகர்ந்து இந்த முகம் வந்தது, சுளித்துக்கொண்டு.

வாந்தி வருகிறது என்று நினைத்து வாயைப் பொத்தினேன். சிரிப்பு. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அத்தை மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"சிரிக்கறியா?"

"அவரு கிண்டல் பண்ணியிருக்காரு அத்த."

"எனக்குத் தெரியாதா? என் புள்ள கிண்டல் பண்றது எனக்குத் தெரியாதா?" அத்தை கத்தினார். "ஆனா கடைசி வார்த்த அது. வேற ஒன்னும் சொல்லல. நான் அதையா வெச்சிக்கிட்டு இருக்கறது? திமிரிக்கு அதையா எடுத்துனு போறது?"

"இதயம்தான் அத்த. டாக்டர் சொன்னாரே. தண்ணி ஒன்னும் பண்ணல."

"டாக்டரா தண்ணி குடுத்தாரு? நான் குடுத்தேன்."

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது. ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூக்கிலும் வாயிலும் வழிந்தது, அசிங்கமாக, சத்தமாக அழுதேன். அத்தையும் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு அவர் அழுதார், என் பாட்டுக்கு நான் அழுதேன். வலித்தது. எவ்வளவு வலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

அண்ணன் படியேறி வந்தார். "சொல்லிட்டேன், அவருக்கும் சரிதானாம்..." என்று ஆரம்பித்தவர், விழுந்து கிடந்த நாற்காலியையும், தண்ணீரையும், நடுவில் எங்களையும் பார்த்தார். "இன்னா ஆச்சு? யாரு உழுந்தது?"

"அண்ணா, கீழ போயி நாங்க காலி பண்ணலன்னு சொல்லிட்டு வா" என்றேன்.

"இப்பதான பிரிசி சொல்லிட்டு வர்றேன்?"

"திருப்பிச் சொல்லு. நான் காட்பாடிக்கு வரல. அத்த திமிரிக்குப் போவல."

அண்ணன் அத்தையைப் பார்த்தார், அவராவது புத்தி சொல்வார் என்று. "அத்த, நீங்க சொல்லுங்க. தனியா எப்பிடி இருக்கறது?"

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "தனியா எங்கப்பா இருக்கறோம்? ரெண்டு பேரு இருக்கறோம்ல" என்றார்.

"அதுக்கு இல்ல அத்த, ரெண்டு பேருக்கும் ஒத்துக்காதுன்னு ஊருக்கே தெரியும்..."

"ஒத்துக்காதுதான்" என்றார் அத்தை. "அதுக்கு இன்னா இப்ப?"

அண்ணன் நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார், அவருக்கு அப்போது செய்ய முடிந்தது அதுதான். பிறகு ஓனரிடம் என்ன காரணம் சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி படி இறங்கிப் போனார்.

தொட்டி தண்ணீர் குறைந்தபடியே நின்றது. தண்ணீருக்கு மேலே நீட்டிய இலைகள் மடிந்து கிடந்தன. அத்தை பக்கெட்டை எட்டிப் பார்த்தார். "இத ஊத்தித்தான் ஆவணுமா?" என்றார்.

"ஆமா. கேன் தண்ணில அதுக்கு ஒன்னும் இல்லியாம். இது இல்லன்னா செத்துரும்."

அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மக்கை எடுத்தார். பக்கெட்டிலிருந்து மொண்டு, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறதுபோல இன்னொரு கையை அடியில் கொடுத்து, விரலிடுக்கு வழியாகத் தொட்டிக்குள் விட்டார். பக்கெட் தீரும்வரை மக்கை என்னிடம் கொடுக்கவில்லை.

"அத்த" என்றேன். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எத?"

"அவரு சொன்னத. அவரு எப்பிடிச் சொன்னாரோ அப்பிடியே."

அத்தை மக்கைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பக்கத்து உதட்டை இழுத்து, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, மகன் இழுக்கிற மாதிரியே "இன்னாம்மா..." என்று இழுத்துச் சொன்னார். நான் மறுபடியும் சொல்லச் சொன்னேன்.